படம் நான்கு நிமிடத்தில் உறைவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டக் கோயில் பூஜையை மல்டிகாஸ்ட் (ஒரே ஒளிபரப்பை, கேட்கும் பெட்டிகள் அனைத்துக்கும் ஒருசேர அனுப்பும் முறை) வழி மண்டபத்து டிவிகளுக்கு அனுப்புவோர் கவனத்திற்கு. நன்றாக ஓடும் படம் நான்கு நிமிடத்தில் உறைந்தால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள்.

டிவி பெட்டி அந்த ஒளிபரப்பைப் பெறும் குழுவில் சேரும்போது, ‘எனக்கும் வேண்டும்’ என ஐஜிஎம்பி (குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிவிக்கும் நெறிமுறை) அறிக்கை அனுப்பும். அதன்பின் ரவுட்டர் 125 வினாடிக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான 224.0.0.1 முகவரிக்கு, ‘இன்னும் வேண்டுமா?’ என்று கேள்வி அனுப்பும்; பெட்டிகள் 10 வினாடிக்குள் பதில் தர வேண்டும். 260 வினாடி பதிலில்லை என்றால் குழு நீக்கப்படும். சுவிட்சில் ஸ்னூப்பிங் (இந்த அறிக்கைகளை ஒட்டுக்கேட்டு, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் படம் அனுப்பும் வசதி) இயங்கி, கேள்வி கேட்க யாருமில்லை என்றால் பெட்டிகளும் வாய் திறக்காது. சுவிட்ச் அந்தப் போர்ட்டுக்குப் படம் அனுப்புவதை நிறுத்திவிடும்.

ஒரு சுவிட்சில் குவெரியரை (ரவுட்டருக்குப் பதில் கேள்வி கேட்கும் வசதியை) இயக்கி, அதற்கு ஐபி முகவரி கொடுங்கள். இரண்டு குவெரியர் இருந்தால் சிறிய முகவரி உள்ளதே பொறுப்பேற்கும், சண்டை வராது.

ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடுவது சோம்பேறி வைத்தியம். படம் வரும், எல்லாப் போர்ட்டிலும் வெள்ளமாய்ப் பாயும். மல்டிகாஸ்ட்டைப் பெரும்பாலும் குறைந்த வேகத்தில் அனுப்பும் வைஃபைதான் முதலில் திணறும்.

ஒரே போர்ட்டில் சின்ன சுவிட்ச் வைத்து இரண்டு டிவி மாட்டியிருந்தால் ‘ஃபாஸ்ட் லீவ்’ (ஒரு பெட்டி விலகியதும் அந்தப் போர்ட்டுக்கு அனுப்புவதை உடனே நிறுத்தும் வசதி) வேண்டாம். ஒன்றை அணைத்தால் மற்றதும் நின்றுவிடும்.

நெட்வொர்க் தொழில்நுட்பர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்