டி-சர்ட் படத்துக்கு ஒரு வரி விளக்கம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கியூபப் புரட்சியின் தலைவர்களுள் ஒருவரான சே குவேரா யார் என்று தெரியாமலேயே அவருடைய முகம் அச்சிட்ட டி-சர்ட்டை அணிந்து திரியும் கல்லூரி மாணவர்களைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவருடைய வருத்தம் நியாயமானதே. ஆனால், அவர் குற்றம் சுமத்த வேண்டியது மாணவர்கள் மீதல்ல, எங்களைப் போன்றவர்கள் மீது. திருப்பூரில் பல ஆண்டுகள் பிரிண்டிங் பட்டறை நடத்தியவன் நான். ஒரு படத்தை யார் உருவாக்கினார், எப்போது, எதற்காக என்னும் விவரம் அதை அணிபவரிடம் போய்ச் சேர்வதற்கு எங்கள் தொழிலில் வழியே கிடையாது.

வாசகர் குறிப்பிட்ட அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1960 மார்ச் 4 அன்று, ஆயுதங்களை ஏற்றி வந்த 'லா கூப்ர்' என்னும் பிரெஞ்சுச் சரக்குக் கப்பல் கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் வெடித்துப் பலர் மாண்டனர். மறுநாள் நடந்த இரங்கல் கூட்டத்தில், மேடையின் முன்பக்கம் சில நொடிகள் மட்டும் வந்து நின்ற சே குவேராவை ஆல்பெர்ட்டோ கோர்டா என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரர் இரண்டு முறை படமெடுத்தார். அந்த முகத்தில் கண்டது சினமும் துயரமும் என்று கோர்டா பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழவு வீட்டில் எடுத்த படம் என்று தெரிந்தபின் அந்தப் பார்வையே நமக்கு வேறாகத் தோன்றுகிறது. மூலப் படத்தில் ஒருபுறம் வேறொருவரின் பக்கவாட்டு முகமும் மறுபுறம் பனையோலை போன்ற இலைகளும் இருந்தன. அவற்றை கோர்டா வெட்டி நீக்கினார். அவர் வேலை பார்த்த நாளிதழ் அந்தப் படத்தை மறுநாள் வெளியிடவில்லை என்பதால், அது அவருடைய ஸ்டுடியோ சுவரிலேயே பல ஆண்டுகள் கிடந்தது. 1967-ல் இத்தாலியப் பதிப்பாளர் ஃபெல்ட்ரினெல்லிக்குப் பணம் எதுவும் பெறாமல் அதன் பிரதிகளைக் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் பொலிவியாவில் சே கொல்லப்பட்டதும் அது சுவரொட்டியாகி ஐரோப்பியத் தெருக்களுக்கு வந்தது.

நாங்கள் துணியில் அச்சிடுவது அந்தப் புகைப்படத்தை அல்ல. அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் 1968-ல் அதைப் பார்த்து வரைந்த, சிவப்புப் பின்னணியில் கறுப்பு நிழலாக நிற்கும் வடிவத்தையே அச்சிடுகிறோம். அதில் தம் குடும்பப் பெயரின் முதலெழுத்தான 'எஃப்' என்பதைத் திருப்பிப் போட்டு, சேயின் தோள்பட்டையில் ஒளித்து வைத்தார் அவர். இந்தக் கடிதத்தைப் படிப்பவர்கள் வீட்டில் அந்தச் சட்டை இருந்தால் எடுத்துப் பார்க்கலாம். நகலுக்கு நகல் எடுத்த மட்டமான பிரதியாக இல்லாவிட்டால் அது தென்படக்கூடும்.

உலகத்தில் எத்தனையோ புரட்சியாளர்கள் இருக்க, இந்த முகம் மட்டும் ஏன் இத்தனை நெஞ்சுகளில் ஏறியது என்பதற்குக் கொள்கை விளக்கங்கள் பல உண்டு. பட்டறைக்காரனுக்குத் தெரிந்த காரணம் வேறு. வலைச்சட்டத்தின் வழியாக மையைத் துணியில் இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் தயாரிக்க வேண்டும். நிறம் கூடக் கூடச் செலவும் கூடும், ஒரு நிறம் இம்மி விலகினாலும் துண்டு 'செகண்ட்ஸ்' என்னும் குறைச் சரக்கில் போய்விடும். சேயின் முகத்துக்கோ, சிவப்புத் துணியாக இருந்தால் கறுப்பு ஒன்றே போதும். நடுநிறங்கள் இல்லாத, மங்கினாலும் அடையாளம் மாறாத அந்த முகத்தைக் கற்றுக்குட்டி கூடக் கெடுக்க முடியாது. முதலாளித்துவத்தை எதிர்த்தவரின் முகம் சந்தைக்கு இவ்வளவு தோதாக அமைந்துபோனதை என்னவென்று சொல்வது!

கோர்டா தம் படத்துக்காக உரிமைத் தொகை எதுவும் கேட்டதில்லை. சேயின் நினைவைப் பரப்புவோர் படத்தைப் பயன்படுத்துவதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. ஆனால் 2000-ல் ஒரு வோட்கா விளம்பரத்தில் அது இடம்பெற்றபோது, எழுபதைக் கடந்த வயதில் லண்டனில் வழக்குத் தொடுத்தார். சமரசத்தில் கிடைத்த 50,000 டாலரை கியூபாவின் மருத்துவ உதவிக்கே கொடுத்துவிட்டார். தம் படம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அக்கறை இது. சட்டையை விற்கும் நாம் அவர் பெயரைக் கூடச் சொல்வதில்லை.

பட்டறைக்குப் படம் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சரக்கை வாங்கும் நிறுவனமான பையரிடமிருந்து கணினிக் கோப்பு வரும். நிறங்களின் எண், நெஞ்சில் எத்தனை அங்குலம் கீழே வைக்க வேண்டும், எத்தனை முறை துவைத்தாலும் அச்சு வெடிக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் துல்லியமாக இருக்கும். படம் என்ன என்பது மட்டும் இருக்காது. ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு, லேபிள் வெட்டப்பட்டு, திருப்பூரின் காதர்பேட்டைக் கடைகளில் குவியும். அங்கிருந்து ஊர் ஊராகச் செல்லும் அந்தச் சட்டையில், வரைந்தவரைப் பற்றிய தடயம் எப்படி மிஞ்சும்?

நீட்டிய நாக்கும் தடித்த உதடுகளுமாக ஒரு படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவுக்காக 1970-ல் ஜான் பாஷ் என்னும் மாணவர் 50 பவுண்டு கூலிக்கு வரைந்தது அது. பாடகர் மிக் ஜாகர் அவரிடம் முன்மாதிரியாகக் காட்டியது நம் காளியின் படத்தை. லண்டனுக்குப் போன காளியின் நாக்கு திருப்பூரில் அச்சாகி நம் பிள்ளைகளின் நெஞ்சுக்கே திரும்பி வருகிறது, யாருக்கும் அடையாளம் தெரியாமல்.

தெரியாமை எப்போதும் இப்படி வேடிக்கையாக முடிவதில்லை. 2014-ல் ஜாரா என்னும் ஆடை நிறுவனம் குழந்தைகளுக்கான கோடு போட்ட சட்டை ஒன்றில் ஆறுமுனை மஞ்சள் நட்சத்திரத்தைப் பதித்து விற்றது. பழைய அமெரிக்கப் படங்களில் வரும் ஷெரிஃப் என்னும் காவல் அதிகாரியின் நட்சத்திரம் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். பார்த்தவர்களுக்கோ நாஜி வதைமுகாம்களில் யூதர்கள் உடுத்திய கோடிட்ட உடையும், அடையாளத்துக்காக அவர்கள் மீது திணிக்கப்பட்ட மஞ்சள் நட்சத்திரமும் நினைவுக்கு வந்தன. கண்டனம் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுச் சட்டையைத் திரும்பப் பெற்றது. வடிவமைப்பாளர், மேலாளர், அச்சிட்டவர் என எத்தனையோ கண்களைக் கடந்துதான் அது கடைக்கு வந்திருக்கும்.

அந்நியப் படங்களை மட்டும் சொல்வதாக எண்ண வேண்டாம். முண்டாசும் மீசையுமாக பாரதியின் முகம் இன்று நன்றாக விற்கிறது. அவருடைய புகைப்படங்கள் கைவிரல்களுக்குள் அடங்குபவை. நம் மனத்தில் பதிந்த முண்டாசுப் பாரதிக்கு ஓவியமாக உருவம் கொடுத்தவர் 'ஆர்யா' என்னும் பாஷ்யம். 1932 ஜனவரியில் சென்னை ஜார்ஜ் கோட்டைக் கொடிக்கம்பத்தில் ஏறி மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்டுச் சிறை சென்றவர் அவர். பாரதி சட்டை அணிந்தவரிடம் பாரதியைப் பற்றிக் கேட்டால் நாலு வரியாவது சொல்வார். ஆர்யாவைப் பற்றி எத்தனை பேர் சொல்வார்கள்?

2020 செப்டம்பரில் 'இந்தி தெரியாது போடா' என்ற சட்டைகள் திடீரெனப் பரவியபோது, அணிந்த ஒவ்வொருவருக்கும் அதன் பொருள் தெரிந்திருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இளைஞர்கள் பொருளில் அக்கறையற்றவர்கள் என்ற வாதம் எடுபடாததற்கு அதுவே சான்று.

என் கோரிக்கை சிறியது. ஒவ்வொரு சட்டையிலும் நூலின் தன்மை, தயாரித்த நாடு, துவைக்கும் முறை ஆகியவற்றைச் சொல்லும் லேபிளைத் தைக்கிறோம். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கென்றால் சட்டப்படி அது கட்டாயம். அதே லேபிளிலோ, விலை அட்டையின் பின்புறத்திலோ, படத்தின் பெயர், உருவாக்கியவர், ஆண்டு ஆகியவற்றை ஒரு வரியில் அச்சிடலாம். அட்டை எப்படியும் அச்சாகத்தான் போகிறது. கூடுதல் செலவு பைசாக்களில் அடங்கும். உரிமையை விற்றுவிட்ட பிறகும் தன் படைப்பு தன்னுடையதே என்று கோரும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்று நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு சொல்கிறது. உரிமத்தோடு அச்சிடுபவர்களுக்கு இந்த வரியால் இழப்பேதும் இல்லை. உரிமம் இல்லாமல் அச்சிடுபவர்கள் தயங்குவார்கள் என்பது உண்மை. அவர்கள் சற்றுத் தயங்கட்டுமே.

உள்நாட்டு விற்பனைக்கு மட்டுமாவது இதை முதலில் தொடங்குமாறு தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர்கள் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அதிகம் அச்சாகும் படங்களின் விவரங்களைத் திரட்டும் பணியைத் திருப்பூரில் பின்னலாடை வடிவமைப்பு கற்பிக்கும் நிஃப்ட்-டீ கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் திரட்டியவற்றை வாரம் ஒன்றாகத் தங்கள் இளைஞர் இணைப்பில் வெளியிட்டால், முதலில் கடிதம் எழுதிய வாசகரும் மகிழ்வார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
திருப்பூர்.