காதல் பாதி, கப்பல் பாதியா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

பேரிடர் பின்னணியில் வரும் காதல் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, ‘டைட்டானிக்’ படத்தை “முதல் பாதி காதல், இரண்டாம் பாதி கப்பல்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இந்தக் கணக்கை நம்பித்தான் இங்கே பல ஒன்லைன்கள் (ஒரு வரிக் கதைச் சுருக்கங்கள்) எழுதப்படுகின்றன. படம் எடுபடாமல் போனால் பழி சிஜி (கணினி வரைகலை) மேல் விழுகிறது.

கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் கட்டுரையாளர் சொல்வது சரிதான். 1997-இல் வந்த அந்தப் படத்தின் நீளம் சுமார் 194 நிமிடம். கப்பல் பனிமலையில் மோதுவது ஏறக்குறைய 1 மணி 40 நிமிடத்தில். ஆனால் பேரிடர் அங்கே தொடங்கவில்லை. கதை 1912-க்குப் போவதற்கு முன்பே, வயதாகிவிட்ட கதாநாயகி ரோஸுக்கு எதிரில் ஒரு கணினித் திரையில் கப்பல் மூழ்கிய விதத்தை ஓட்டிக் காட்டுகிறார்கள். எந்த அறையில் தண்ணீர் புகுந்தது, பின்பகுதி எப்படித் தூக்கியது, எங்கே முறிந்தது என்று எல்லாமே. விளக்குபவர் ஏதோ வேடிக்கையைச் சொல்வது போலச் சொல்கிறார். கிழவியின் முகம் இறுகியிருக்கிறது. இதனால் கிடைக்கும் லாபம் இரண்டு. பின்னால் கப்பல் சாயும்போது யாரும் வசனம் பேசி விளக்க வேண்டியதில்லை. அதோடு, அடுத்து வரும் ஒவ்வொரு காதல் காட்சியையும் முடிவு தெரிந்தே பார்க்கிறோம்.

கப்பலின் முன்முனையில் காதலர் இருவரும் கைவிரித்து நிற்கும் புகழ்பெற்ற காட்சி எப்படி முடிகிறது என்று பாருங்கள். அந்தி வெளிச்சத்தில் முத்தம். அப்படியே டிசால்வ் ஆகி, அதாவது ஒரு காட்சி கரைந்து அடுத்தது தெளிய, கடலடியில் துருவேறிக் கிடக்கும் அதே முன்முனை. கேமராக் கோணமும் மாறவில்லை, இடமும் மாறவில்லை. எடிட்டிங்குக்கும் சேர்த்துத்தான் அந்தப் படம் 11 ஆஸ்கர் வாங்கியது. திரைக்கதைக்குப் பரிந்துரை கூடக் கிடைக்கவில்லை. வசனங்கள் சுமார் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். கட்டுமானம் சுமார் அல்ல.

மோதும் நிமிடத்தையே எடுத்துக்கொள்வோம். கரை சேர்ந்ததும் உன்னோடு இறங்கி வந்துவிடுகிறேன் என்று காதலன் ஜாக்கிடம் ரோஸ் சொல்லி முடிக்கிறாள். கப்பல் கம்பத்தின் உச்சிக் கூண்டில் காவலுக்கு நிற்கும் இருவர் கீழே முத்தமிடும் ஜோடியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கி நிமிர்ந்தால் எதிரே பனிமலை. மோதிய பிறகும் உடனே அலறல் இல்லை. தளத்தில் சிதறிய பனிக்கட்டிகளைப் பயணிகள் பந்து போல உதைத்து விளையாடுகிறார்கள். நமக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் அங்கே வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். காதலின் முடிச்சே ரோஸைத் தண்ணீருக்குள் இழுக்கிறது. திருட்டுப் பழி சுமத்தப்பட்டு ஜாக் கீழ்த்தளத்தில் குழாயோடு சேர்த்து விலங்கிடப்படுகிறான். மேலே படகு தயாராக இருந்தும் அவள் கீழே இறங்குகிறாள். வில்லன் செய்த சூழ்ச்சியும் ஏறிவரும் தண்ணீரும் ஒரே அறையில் சந்திக்கின்றன. இந்த முடிச்சு இல்லாவிட்டால் கட்டுரையாளர் சொல்வது போல அவை இரண்டு தனிப் படங்கள்தான்.

நம் ஊரில் எங்கே சறுக்குகிறது? ‘கயல்’ (2014) படத்தில் ஆழிப்பேரலை இறுதிக் கட்டத்தில் வருகிறது. காட்சிகள் மிரள வைப்பவைதான். ஆனால் பேரலை சில நிமிடங்களில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதற்குள் யாரும் யோசித்து முடிவெடுக்க முடியாது. டைட்டானிக் மூழ்க 2 மணி 40 நிமிடம் ஆனது. ஏறுவதா, திரும்புவதா, யாரை விடுவது என்று மனிதர்கள் தடுமாற அவ்வளவு நேரம் இருந்தது. எந்தப் பேரிடர் என்பதை முடிவு செய்யும்போதே, அது எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வகையில் 2015 டிசம்பர் 1 இரவு சென்னை அடையாற்றில் வந்த வெள்ளம் திரைக்கதைக்கு ஏற்ற பேரிடர். தண்ணீர் இரவோடு இரவாகப் படிப்படியாக ஏறியது. ஜாபர்கான்பேட்டையில் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காதலர்கள் திருட்டுத்தனமாகச் சந்திக்கும் இடம் மொட்டை மாடி. விஷயம் தெரிந்ததும் வீட்டு ஓனர் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். வெள்ளத்தன்று கரண்ட் போய், தரைத்தளம் முழுகி, உயிர் பிழைக்க இருப்பது அந்த மாடி மட்டும். சாவி எங்கே? அந்தப் பூட்டை இண்டர்வெலுக்கு முன் இரண்டு முறையாவது, ஒரு முறை சிரிப்புக்காகக் காட்டியிருந்தால் போதும். ஆற்றில் கார் மிதப்பதை சிஜியில் காட்டும் செலவு மிச்சம்.

ரீரெக்கார்டிங் (பின்னணி இசை, ஒலிச் சேர்ப்பு) பற்றியும் ஒரு வார்த்தை. ‘டைட்டானிக்’ படத்தில் கப்பலின் வாத்தியக் குழுவினர் கடைசியாக வாசிக்கும் இடத்தில் பெரிய ஓசைகள் அடங்கிவிடுகின்றன. தண்ணீர் சூழ்ந்த கட்டிலில் அணைத்துப் படுத்திருக்கும் முதிய தம்பதி, பிள்ளைகளைத் தூங்க வைக்கும் தாய் எல்லோரும் அந்த வயலின் மேலேயே வந்து போகிறார்கள். வாசிப்பு முடிந்ததும் பேரோசை திரும்புகிறது. நம் படங்களில் அலறல், தண்ணீர்ச் சத்தம், கோரஸ் மூன்றும் ஒரே அளவில் ஏறுகின்றன. அழ வேண்டிய இடத்தில் ரசிகர் காதைப் பொத்திக்கொள்கிறார்.

இத்தகைய படங்களை விமர்சிப்பவர்கள் பிரமாண்டத்துக்கு மதிப்பெண் போடுவதோடு, பேரிடர் எத்தனையாவது நிமிடத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது, காதலர்கள் எடுத்த எந்த முடிவால் அதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர்,
சாலிகிராமம், சென்னை - 93.