தோரோங் லா: ஜீப் போகிறது என்பதற்காக அவசரம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதை பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ‘மனாங் வரை ஜீப் போகிறது, ஒரு வார லீவு போதும்’ என்று எழுதியிருந்ததைப் படித்துப் பதறிவிட்டேன். அந்தப் பாதையில் நடந்தவன் என்ற முறையில் இதை எழுதியே ஆக வேண்டும்.

பயணம் தொடங்கும் பேசிசஹர் ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மனாங் 3,500 மீட்டருக்கு மேல். சாலை வருவதற்கு முன் தாராபானி, சாமே, பிசாங் என்று ஊர் ஊராகத் தங்கி நடந்துதான் போக வேண்டும். போகப் போக உடம்பும் பழகிவிடும். இன்று ஒன்றிரண்டு நாளில் ஜீப்பிலேயே போய் இறங்கிவிடலாம். அந்த ஊர்க்காரர்களுக்குச் சாலை பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் சமவெளியிலிருந்து போகிறவரின் உடம்பு அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மனாங்குக்கு மேலே, இந்தப் பாதையிலேயே உயரமான இடமான தோரோங் லா கணவாயோ 5,416 மீட்டர். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதிதான் அங்கே கிடைக்கும்.

மனாங்குக்கு மேலே யாக் கர்க்காவில் நான் தங்கிய லாட்ஜில், நல்ல உடற்கட்டுள்ள இளைஞர் ஒருவர் தலைவலி என்று சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர், முடிச்சுப் போட வராமல் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘அசதிதான், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்றார்கள் நண்பர்கள். கைடு விடவில்லை. அவரை எழுப்பி, குதிகாலும் கால்விரலும் ஒட்டும்படி அடி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டு அடி வைப்பதற்குள் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூளையில் நீர் கோத்து வீங்குவதன் அறிகுறி அது. விடியட்டும் என்று பார்க்காமல், டார்ச் வெளிச்சத்தில் அவரை அப்போதே கீழே மனாங்குக்குக் கூட்டிப் போனார்கள். பிழைத்துக்கொண்டார்.

ஜிம்முக்குப் போகிற உடம்பு, மாரத்தான் ஓடுகிற உடம்பு என்று மலை பார்ப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இருமல் விடாமல் வந்தாலும் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுவது தற்கொலைக்குச் சமம். உடனே இறங்க வேண்டும். கூட வரும் போர்ட்டர்களையும் கவனியுங்கள். அவர்களில் பலர் தாழ்வான ஊர்களிலிருந்து பிழைப்புக்கு வருகிறவர்கள். கூலி போய்விடுமோ என்ற பயத்தில் தலைவலியை வெளியே சொல்வதில்லை.

கட்டுரை பரிந்துரைத்த அக்டோபர் மாதம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வானம் தெளிவாக இருக்கும் என்பது உண்மைதான். அதே மாதம்தான் வங்கக் கடலில் புயல் உருவாகும் காலமும். 2014 அக்டோபர் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம், இரண்டே நாளில் தோரோங் லாவில் பனிப்புயலாகக் கொட்டியது. அன்னபூர்ணா வட்டாரத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் மலையேறிகளும் கைடுகளும் போர்ட்டர்களுமாக 40-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். எச்சரிக்கை பலரையும் எட்டவே இல்லை. எண்ணி ஒரு வார லீவில் வந்தவர், வானிலை சரியில்லை, இரண்டு நாள் காத்திருங்கள் என்று கைடு சொன்னால் எப்படிக் காத்திருப்பார்? விமான டிக்கெட்டை நினைத்துக் கிளம்பத்தானே பார்ப்பார்?

கணவாயைத் தாண்டி இறங்கினால் முக்திநாத். நம் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று அங்கே போகும் தமிழர்கள் ஏராளம். அவர்கள் போக்ராவிலிருந்து விமானத்தில் ஜோம்சோம் போய், அங்கிருந்து ஜீப்பில் 3,700 மீட்டருக்கு மேலே ஒரே நாளில் ஏறிவிடுகிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். வீட்டுப் பெரியவர்களை அனுப்புகிறவர்கள் ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ ஓரிரவாவது தங்க ஏற்பாடு செய்யுங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் புறப்படுமுன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் உதவி மையம் இருக்கிறது. சீசனில் அங்குள்ள மருத்துவர்கள் மலை நோய் பற்றிப் பயணிகளுக்கு விளக்கிச் சொல்கிறார்கள். அடுத்த இதழில் அந்தத் தகவலையும், மனாங்கில் குறைந்தது இரண்டு இரவு, கணவாய்க்காகக் கூடுதலாக இரண்டு நாள் என்று திருத்திய பயணத் திட்டத்தையும் தயவுசெய்து வெளியிடுங்கள். தீபாவளி விடுமுறைக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இப்போதே திட்டமிடத் தொடங்கியிருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி.