பேரனின் சுன்னத் குறித்து ஜமாலுக்கு

அன்புள்ள ஜமால்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, நீ மறுபடியும் சுப்ஹு தொழுகைக்குப் பள்ளிவாசல் வரை நடந்தே போகிறாய் என்பதில் மிகுந்த மகிழ்ச்சி. ஜெர்மனியில் இருக்கும் பேரனுக்கு அங்கேயே சுன்னத் செய்துவிடலாமா, விடுமுறையில் ஊருக்கு வரும்போது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். மார்க்கத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. குழந்தை மருத்துவனாக இருந்தவன் என்ற முறையில் உடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அங்கே சட்டச் சிக்கல் வருமோ என்று அஞ்ச வேண்டாம். 2010-இல் கொலோன் நகரில் பெற்றோர் விரும்பியபடி ஒரு மருத்துவர் நான்கு வயதுச் சிறுவனுக்குச் சுன்னத் செய்தார். இரண்டு நாள் கழித்து இரத்தம் கசியவே பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினார்கள், அது வழக்காயிற்று. 2012 மே மாதம் மேல்முறையீட்டில் நீதிமன்றம் இச்செயலை உடற்காயம் என்றே கருதியது. சட்டம் தெளிவாக இல்லாததால் மருத்துவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், மருத்துவ நெறிப்படி செய்தால் பெற்றோர் சம்மதமே போதும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மதவுரிமை, குழந்தையுரிமை என்று ஊரே வாதிட்ட அந்த மாதங்களில் என் மனத்தில் தங்கியது வேறொன்று: மருத்துவர் முறைப்படியே செய்தார் என்று நீதிமன்றமே ஏற்றிருந்தது. அப்படியும் இரத்தம் கசிந்தது.

இரத்தக்கசிவுதான் முதல் கவலை. மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் மொத்தமே கால் லிட்டர் அளவுதான். டயபர் உறிஞ்சிக்கொள்வதால், பெற்றோர் கண்ணுக்கு வெறும் கறையாகத் தெரிவது குழந்தைக்குப் பேரிழப்பாக இருக்கக்கூடும். இரத்தம் உறையாத ஹீமோபிலியா பல குடும்பங்களில் அன்றுதான் முதன்முதலாக வெளிப்படும். யூதர்களின் தல்மூத் நூலே, முன்பிறந்த இரு பிள்ளைகள் சுன்னத்தால் இறந்திருந்தால் மூன்றாம் பிள்ளைக்கு விலக்கு அளித்திருக்கிறது. இருந்தாலும், இந்நோயுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் அது இருந்ததில்லை என்பதால், விசாரிப்பதோடு நிறுத்தாமல் இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது. சிறுநீர்த் துளை பிறவியிலேயே அடிப்பக்கமாக அமைந்திருந்தால் தோலைத் தொடவே கூடாது. பிற்பாடு அதைச் சீர்செய்ய அந்தத் தோல்தான் தேவைப்படும்.

பலர் கவனிக்காமல் விடுவது துளை சுருங்குவதை. மூடியிருந்த நுனி ஈர டயபரில் உரசிப் புண்ணாகி ஆறும்போது துளை குறுகிவிடுகிறது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சிறுநீர் நூல்போல மேல்நோக்கிப் பீறிடும். அதைப் பழைய சுன்னத்தோடு யாரும் தொடர்புபடுத்துவதில்லை.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில் சிக்கல்கள் கைக்குழந்தைகளுக்கு நூற்றுக்கு ஒன்றரை, வளர்ந்த சிறுவர்களுக்கு ஆறு என்ற அளவில் இருந்தன, கடுமையானவை அரிது. ஆனால் நோயைத் தீர்க்கும் அறுவையில் பொறுத்துக்கொள்ளும் ஆபத்தை, நோயே இல்லாத பிள்ளையிடம் அதே மனத்தோடு பொறுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை. கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1949-இல் எழுதிய கட்டுரையில், அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 சிறு குழந்தைகள் இதனால் இறந்ததைக் காட்டினார். பலர் மயக்க மருந்தின்போதே போய்விட்டார்கள். தோல் பின்னுக்கு வரவில்லை, அதனால் கட்டாயம் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. சிறுவயதில் அது ஒட்டியிருப்பது இயல்பு. வளர வளரத் தானே விடுபடும்.

செய்வதென்று முடிவெடுத்தால், பிள்ளை டயபரை விட்ட பிறகு, குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர்கள் உள்ள மருத்துவமனையில் செய்யட்டும்; கூட்டமாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் விடுமுறை முகாம் வேண்டாம். உன் மருமகளின் தாய்மாமன்மார், சகோதரர்கள் யாருக்காவது பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சுந்தரம்