மூன்று பெட்டி வந்து சேர்ந்தது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஒசாகாவிலிருந்து நீ அனுப்பிய மூன்று பெட்டியும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. சுங்க வரி கட்டித்தான் எடுத்தோம். எவ்வளவு என்று கேட்காதே, அப்பா இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்றை மட்டும் பிரித்தோம். அத்தனையும் வீடியோ கேம் கேசட். எண்ணினால் 41.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அங்கே நிப்பொன்பாஷி கடைத்தெருவில் கடைகடையாக ஏறி இறங்கி வாங்கியது என்பாய். பாட்டி பூஜைச் சாமானைத் துடைப்பதுபோல ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குவதை வீடியோ காலில் நானே பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் ஒரே நாளில் ஊருக்கு அனுப்புவானேன்? வேறு வீடு பார்க்கிறாயா? சரி, நான் கேட்கவில்லை. பெட்டி அனுப்பியதாகச் சொன்ன அன்று பேசியதுதான், அப்புறம் போனே எடுக்கவில்லை. வேலை இருக்கும் என்கிறார் அப்பா. இருந்தால் சரி.

அந்த டிராகன் குவெஸ்ட் 5 கேசட்டும் இதில் இருக்கிறது. கையில் எடுத்ததும் எனக்கு 1997தான் ஞாபகம் வந்தது. சிங்கப்பூர் சித்தப்பா அந்த சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்த வருஷம். நம் பழைய டிவி நம் ஊர் பால் (PAL) சிஸ்டம், பெட்டியோ ஜப்பானின் என்டிஎஸ்சி சிஸ்டம், இரண்டும் ஒத்துப்போகவில்லை. கலர் டிவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது. நீ அதைப் பொருட்படுத்தவே இல்லை. ஒரு எழுத்தும் தெரியாமல், திரையில் வருவதையெல்லாம் ரஃப் நோட்டில் வரைந்து வரைந்து, இதை அமுக்கினால் ஆமாம், இதை அமுக்கினால் இல்லை என்று நீயாகவே கண்டுபிடித்தாய். கூப்பிட்டால் "ஹாய்" என்பாய், ஜப்பானில் ஆமாம் என்பதற்கு. முழங்காலில் அடிபட்டால், அந்த விளையாட்டில் காயம் ஆற்றும் மந்திரமாம், "ஹோய்மி" என்று காயத்தை ஊதிக்கொள்வாய். இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பாட்டி திருநீறு பூசினாள். அந்த நோட்டுதான் உன்னை ஜப்பான் வரை கொண்டுபோனது என்று இன்றைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவரிடம்கூடச் சொல்கிறேன்.

அங்கே போய்ச் சேர்ந்த வாரமே பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டு, "அம்மா, பியாங்காவுக்கு முடி மஞ்சள்மா, இன்னொருத்திக்கு நீலம்" என்று ராத்திரியில் எழுப்பிச் சொன்னாய். அந்த விளையாட்டுதான் 2009ல் இங்கிலீஷிலேயே வந்துவிட்டதே, இன்னும் எதற்கு அதுவே என்றேன். எனக்கு அது ஜப்பானிய பாஷையில்தான் பேசும் என்றாய். அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியைக் கட்டிக்கொள்ள வேண்டுமாமே. அந்தக் கட்டத்தையெல்லாம் விளையாட்டில் மட்டும் சரியாகத் தாண்டிவிடுகிறாய். சரி, அதையும் நான் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. கடையில் வாங்கிய சோற்று உருண்டை சாப்பாடு ஆகாது.

ஒன்று சொல்ல வேண்டும். சித்தப்பா கொண்டுவந்த அந்த விளையாட்டுப் பெட்டி கருகிப்போனதே, அதைக் கருக்கியது பொன்மலை மாமா பையன் இல்லை. நான்தான். நீயும் அப்பாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தீர்கள். கிரைண்டருக்கு இடம் வேண்டுமென்று, வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் அந்த ஸ்டெப் டவுனைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ஆட்டி முடித்ததும், நீ வருவதற்குள் மாட்டிவைக்கலாம் என்று அடாப்டரை நேராகச் சுவரிலேயே சொருகிவிட்டேன். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230 என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னதுதான். தீய்ந்த வாசனை வந்து ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லீவுக்கு வந்திருந்த அவனும் காலையில் அதைத் தொட்டிருந்தான். அதனால் தன்னால்தான் என்று நம்பிவிட்டான். அப்பா அவனை அறைந்தார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ அவனோடு எத்தனை வருஷம் பேசாமல் இருந்தாய்! ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவன் வந்து, "அத்தை, காபி" என்பான். காபி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அப்பாவுக்கும் இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தை நானே போய்த் தபாலில் சேர்க்கப் போகிறேன்.

அவர் பரணிலிருந்து அந்த ஸ்டெப் டவுனை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். இன்னும் உறுமுகிறது. பெட்டிகளைப் பிரித்து மாட்டிப் பார்க்கலாம் என்கிறார். அந்தப் பிளக்கை நான் தொட மாட்டேன், அவரையும் தொட விடமாட்டேன். நீ வந்து மாட்டு.

மாமா பையனுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நம்பர் பழையதுதான்.

அம்மா