உரிமம் பெற்ற ஒரு பொதுக்கூடம் வேண்டும்: சேலம் மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே சோப்பு செய்து விற்க விரும்பும் பெண்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். அழகுசாதனப் பொருள் தயாரிப்பதற்கான உரிமத்துடன் ஒரு பொதுப் பணிக்கூடத்தை இந்த மாவட்டத்தில் அமைத்துத் தாருங்கள். குறைந்த வாடகை கொடுத்து, முறை வைத்து, அவர்கள் அங்கே வந்து சோப்பு செய்துகொள்ளட்டும்.

நான் வேதியியல் ஆசிரியை. அம்மாப்பேட்டையிலும் அயோத்தியாப்பட்டணத்திலும் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு விடுமுறை நாள்களில் சோப்பு தயாரிப்பு கற்றுத்தருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே எங்கோ ஒரு பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். சோப் பேஸை, அதாவது கடையில் கிடைக்கும் ஆயத்த சோப்புக் கட்டியை உருக்கி, நிறமும் வாசனையும் சேர்த்து, சிலிகான் அச்சில் ஊற்றுவதை அங்கே அழகாகக் கற்றிருக்கிறார்கள். உரிமம் என்ற பேச்சு மட்டும் அங்கே எழுவதே இல்லை. சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதுவே தொழில் நடத்துவதற்கான அனுமதி என்று நம்பிக்கொண்டிருப்பவர்களிடம் உண்மையைச் சொல்லும் வேலை எனக்கு வந்து சேர்கிறது.

உண்மை இதுதான். உடலில் தேய்த்துக் குளிக்கும் சோப்பு, 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. அதை விற்பனைக்குத் தயாரிக்க, 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். வெளியில் வாங்கிய பேஸை உருக்கி ஊற்றி உறையிடுவதுகூடச் சட்டத்தின் பார்வையில் உற்பத்திதான். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தாலும், சரக்கு மற்றும் சேவை வரி எண் இருந்தாலும், இந்த உரிமத்துக்கு அவை ஈடாகா.

அந்த உரிமத்துக்கு என்ன தேவை என்று படித்துப் பார்க்கும்போதுதான் இவர்களின் முகம் வாடிப்போகிறது. தயாரிப்பு இடம் குடியிருப்பாக இருக்கக் கூடாது. குடியிருப்போடு இணைந்தும் இருக்கக் கூடாது. வேதியியல் அல்லது மருந்தியல் படித்த ஒருவர் மேற்பார்வைக்கு இருக்க வேண்டும். சிறு அளவில் குளியல் சோப்பு செய்வதற்குப் பரிந்துரைக்கப்படும் பரப்பு 100 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் சதுர அடிக்கும் மேல். கருவிப் பட்டியலில் கொதிகலன், உலர்த்தி, மூவுருளை அரைவை இயந்திரம், சோப்பை அழுத்தித் தள்ளும் பிளாடர், முத்திரை அழுத்தும் இயந்திரம் எல்லாம் இருக்கின்றன. சோப்பைச் சீவி, அரைத்து, அழுத்திக் கட்டியாக்கும் ஆலைக்கு இவை பொருந்தும். குளிர்முறையில், அதாவது அடுப்பில் காய்ச்சாமல், எண்ணெயும் காஸ்டிக் சோடா என்ற காரமும் கலந்து அச்சில் ஊற்றி, ஒரு நாள் கழித்து வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காயவைக்கும் பெண்ணுக்குத் தேவை ஒரு தராசு, ஒரு வெப்பமானி, எவர்சில்வர் பாத்திரம், கைக்கலக்கி, காற்றோட்டமான அலமாரி. சேலம் குகைப் பகுதியில் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒருத்தி இந்த நிபந்தனைகளை எப்படி எட்டுவாள்?

ஆனாலும், உரிமமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. இந்த இடத்தில் என் மாணவிகள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. இயற்கைப் பொருள்தானே, பாட்டி காலத்துக் கைப்பக்குவம்தானே, இதற்கு எதற்கு அதிகாரி என்று கேட்கிறார்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பு இல்லை. அது கண்ணில் தெறித்தால் பார்வை போகும். தண்ணீரில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. நம் சமையலறைகளில் இருக்கும் அலுமினியக் குண்டானில் அந்தக் கரைசலைக் கலந்தால் பாத்திரம் அரிபட்டு, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதே அடுப்படியில்தான் குழந்தைகள் வந்து தண்ணீர் கேட்கிறார்கள்.

கணக்கும் பிசகக் கூடாது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுவதும் சோப்பாக்க ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே அளவு பாமாயிலுக்கு 141 கிராம் அளவில் போதும், விளக்கெண்ணெய்க்கு 128 போதும். 2025இல் தேங்காய் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோது, மலிவான பாமாயிலுக்கு மாறலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது. எண்ணெயை மாற்றிவிட்டுக் காரத்தின் அளவைப் பழையபடியே விட்டால், கிலோவுக்கு 40 கிராமுக்கு மேல் காரம் அப்படியே சோப்பில் தங்கிவிடும். எத்தனை வாரம் காயவைத்தாலும் அது போகாது. அந்தச் சோப்பால் ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டினால் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான், இந்தத் தொழிலுக்குக் கண்காணிப்பு வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன். இப்போதைய நிலையில், உரிமம் எட்டாததால் இவர்கள் தயாரிப்பை நிறுத்துவதில்லை. யார் கண்ணிலும் படாமல் செய்கிறார்கள். தெரிந்தவர்களிடம் மட்டும் விற்கிறார்கள், லேபிளில் முகவரி போடப் பயப்படுகிறார்கள். வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு இல்லை, செய்கிறவருக்கும் வளர்ச்சி இல்லை.

வழி அந்த விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. உரிமம் பெற்ற ஒருவரின் தயாரிப்பு இடத்தையும் கருவிகளையும் பயன்படுத்தி, இன்னொருவர் தன் பெயரில் பொருள் தயாரிக்க ‘லோன் லைசென்ஸ்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. சிறுதொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்கும் திட்டங்களும் இருக்கின்றன. கருப்பூரில், மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் மகளிர் தொழிற்பேட்டை இருக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க ஒருவர் முன்வர வேண்டும். அது தங்களால் முடியும். கூடத்தின் உரிமத்தை மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒன்று வைத்திருக்கட்டும். வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் சேலத்தில் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் முழுநேர மேற்பார்வையாளராக அமர்ந்து, எண்ணெய்க்குத் தக்க காரக் கணக்கையும் ஒரே முறையில் செய்த ஒவ்வொரு தொகுப்பின் பதிவேட்டையும் பார்த்துக்கொள்ளட்டும்.

கூட்டாகச் செய்தால் பரிசோதனைச் செலவும் பங்கிடப்படும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் தரக் குளியல் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் 76 சதவீதம் இருக்க வேண்டும். எண்ணெயோடு வினைபுரியாமல் மிஞ்சும் காரத்துக்கும் கடுமையான உச்சவரம்பு உண்டு. தனியாளாக ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிக் கட்டணம் கட்டுவது பலருக்கும் இயலாத காரியம்.

இப்படி ஒன்று சேர்ந்து நிமிர்ந்த வரலாறு இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுத்த சிறு ஆலைக்காரர்கள், சரக்கைத் தேக்கிவைக்க இடமில்லாமல் இடைத்தரகர் சொன்ன விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிடங்கும் ஏல விற்பனையும் பொதுவில் வந்தன. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மூலப்பொருளுக்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காஸ்டிக் சோடா தயாராகும் மேட்டூர் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. எண்ணெய்க்குச் செவ்வாய்ப்பேட்டைச் சந்தை இருக்கிறது. வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் சுற்றுப்புறக் கிராமங்களில் இன்னும் ஆட்டப்படுகின்றன.

ஏற்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேர்வராயன் மலையின் காப்பித் தூளையும் ஆரஞ்சுத் தோலையும் சேர்த்த சோப்புக்குச் சுற்றுலாப் பயணிகளிடம் வரவேற்பு இருக்கும். ஆனால் தயாரிப்புக்கு மலை உகந்த இடமில்லை. சோப்பில் இயல்பாகவே இருக்கும் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடுபனிக் காலத்தில் கட்டிகள் வியர்த்து நீர் கோத்து நிற்கும். சேலத்து வறண்ட வெயில்தான் இவற்றைக் காயவைக்க ஏற்றது. ஆகவே கீழே செய்து மேலே விற்கலாம். மலைக்கிராமப் பெண்களிடம் காப்பித் தூளையும் பழத்தோலையும் நியாய விலைக்கு வாங்கலாம், ஏரிக்கரையில் விற்பனைக் கடையையும் அவர்களே நடத்தலாம். கோடை விழாவின் சில நாள்களுக்கு மட்டும் கிடைக்கும் அரங்கு போதாது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஒரு சிறு கடை வேண்டும்.

கூடம் வரும்வரை, மாவட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு சோப்புப் பயிற்சியிலும் சட்டத்துக்கென ஒரு வகுப்பைக் கட்டாயமாக்குங்கள். குப்பைமேனி சோப்பின் லேபிளில் ‘சொரியாசிஸ் குணமாகும்’ என்று எழுதினால் அது அழகுசாதனத்தின் எல்லையைத் தாண்டி மருந்தாகிவிடுகிறது என்பதை அங்கே சொல்ல வேண்டும். வெட்டிய அன்று 100 கிராம் இருந்த கட்டி காய்ந்தபின் அத்தனை இருக்காது, ஆகவே காய்ந்த பிறகு எடை போட்டுத்தான் நிகர எடையை அச்சிட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். உரிம எண், தொகுப்பு எண், மூலப்பொருள்கள், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள், அதிகபட்சச் சில்லறை விலை எல்லாம் எதற்காக லேபிளில் இருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டால் இந்தப் பெண்கள் சரியாகச் செய்வார்கள். புரியும்படி யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மாவட்டத் தொழில் மையம், மகளிர் திட்டம், சிட்கோ ஆகிய நான்கு அலுவலகங்களின் அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, சோப்பு செய்யும் பெண்களையும் அதே அறைக்கு அழையுங்கள். கருப்பூரில் காலியாக ஒரு கட்டடம் கிடைக்குமா, உரிமம் யார் பெயரில் இருக்க வேண்டும், மேற்பார்வையாளர் சம்பளத்தை எந்தத் திட்டத்திலிருந்து கொடுக்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கு அந்தக் கூட்டத்தில் பதில் எழுதப்பட்டால் போதும், மற்றவற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கூடம் திறக்கும் நாளிலிருந்து விடுமுறைதோறும் கட்டணமின்றிக் கற்றுத்தர நான் வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வேதியியல் ஆசிரியை ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்.