பிரித்தானியத் தமிழ்ச் சங்கங்களுக்கு: புதிதாக வருபவர்களுக்கு ரவுண்டானாவைச் சொல்லிக்கொடுங்கள்

மதிப்புக்குரிய சங்க நிர்வாகிகளுக்கும், சனி ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஆசிரியர்களுக்கும், நம் மக்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தமிழ்ப் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு நாம் வீடு பார்த்துக் கொடுக்கிறோம். வங்கிக் கணக்கு தொடங்க வழி சொல்கிறோம். எந்தக் கடையில் நல்ல பொன்னி அரிசி கிடைக்கும் என்பதுவரை சொல்லி அனுப்புகிறோம். காரை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டானாவுக்குள் எப்படி நுழைவது, எந்த லேனில் நிற்பது, எப்படி வெளியே வருவது என்று மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. அதைச் சங்கங்களும் பள்ளிகளும் ஒரு வழக்கமான வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இந்திய, இலங்கை உரிமம் உள்ளவர்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை அதை வைத்தே ஓட்டலாம். அதற்குப் பிறகுதான் இந்த நாட்டின் தற்காலிக உரிமம், எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு எல்லாம். இதை நினைத்துப் பாருங்கள். இந்த ஊர்ச் சாலை ஒருவருக்குக் கொஞ்சமும் பழகாத அந்த முதல் வருடத்தில்தான் எந்தத் தேர்வும் பயிற்சியும் இல்லாமல் அவர் ஓட்டுகிறார். 2022இல் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறந்த பிறகு வந்த பலருக்கு, முதியவர்களின் வீடு வீடாகப் போவதே வேலை. ஓட்டத் தெரிந்தால்தான் அந்த வேலை நிலைக்கும். இரவுப் பணிக்குப் போகும் தாதியர்களுக்கும் சின்ன ஊர்களில் அந்த நேரத்துக்குப் பேருந்து இருக்காது. ஆசைக்காக ஓட்டுபவர்கள் இல்லை இவர்கள்.

அதோடு ஒரு பொய்யான தைரியமும் இருக்கிறது. ஊரிலும் இடதுபக்கம்தான், இங்கேயும் இடதுபக்கம்தான், பிறகென்ன என்று தோன்றும். அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ போகிறவர் பக்கம் மாறுகிறதே என்று பயந்து கவனமாக ஓட்டுவார். இங்கே வருபவருக்கு அந்தப் பயமே வருவதில்லை. நேர்ச்சாலையில் அவர் நன்றாகவே ஓட்டுகிறார். முதல் ரவுண்டானாவில்தான் திணறுகிறார்.

அது அவருடைய குற்றம் என்று நான் நினைக்கவில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே 1966 நவம்பரில்தான் இதற்கு ஒரே விதி வந்தது. அதற்கு முன்பு, வருகிற கார்கள் எல்லாம் வட்டத்துக்குள் புகுந்து அடைத்துக்கொண்டு, வெளியே போக வேண்டியவரும் போக முடியாமல் நிற்பது இந்த நாட்டிலும் நடந்ததுதான். வலதுபக்கமிருந்து வருபவருக்கு, அதாவது ஏற்கெனவே வட்டத்துக்குள் இருப்பவருக்கு, நுழைபவர் வழிவிட வேண்டும் என்று விதித்த பிறகே வட்டங்கள் ஓடத் தொடங்கின. நம் ஊரில் வண்டியின் மூக்கை முதலில் நுழைப்பவருக்கு வழி. பேருந்து என்றால் அதற்கு வழி. அந்தப் பழக்கத்தில் 10, 15 வருடம் ஓட்டியவரிடம் ஒரே நாளில் அதை விட்டுவிடச் சொல்வது எளிதல்ல. யாராவது சொன்னால்தான் விடுவார்.

லேன் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு சாலைகள் சேரும் சாதாரண ரவுண்டானாவில் விதி சுருக்கமானது. முதல் வழியில் இடதுபக்கம் திரும்ப வேண்டுமா, இடது இண்டிகேட்டர் போட்டு இடது லேனில் வாருங்கள். நேராகப் போக வேண்டுமா, நெருங்கும்போது இண்டிகேட்டர் தேவையில்லை. வேறு குறி இல்லாவிட்டால் பெரும்பாலும் இடது லேன். வலதுபக்கம் திரும்பவோ, வந்த வழியே திரும்பிப் போகவோ வேண்டுமானால் வலது இண்டிகேட்டர், வலது லேன். எந்தப் பக்கம் போனாலும் சரி, நீங்கள் இறங்க வேண்டிய வழிக்கு முந்தைய வழியைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டரைப் போட்டு வெளியே வர வேண்டும். இந்தக் கடைசி இண்டிகேட்டரைத்தான் நம்மவர்கள் மறக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த சாலையில் காத்திருப்பவர் கிளம்புவதா நிற்பதா என்று முடிவு செய்கிறார் என்பது சொல்லாமல் யாருக்கும் புரியாது.

ஆனால் இந்தப் பொது விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் பெரிய ரவுண்டானாவில் மாட்டிக்கொள்வார். சாலையில் அம்புக்குறியோ ஊர்ப் பெயரோ சாலை எண்ணோ எழுதியிருந்தால் பொது விதி அங்கே பின்னுக்குப் போய்விடும், தரையில் இருப்பதுதான் சட்டம். நேராகப் போக வலது லேனில்தான் வர வேண்டும் என்று அம்பு காட்டும் இடங்கள் ஏராளம். லண்டனில் ஏ40 சாலையும் ஏ406 சாலையும் சேரும் ஹாங்கர் லேன் என்ற சந்திப்பில் வட்டத்துக்குள்ளேயே சிக்னல்கள் இருக்கின்றன. வெம்ப்ளிப் பக்கமிருந்து ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போகும் நம்மவர்கள் எத்தனை பேர் அங்கே கடைசி நொடியில் லேன் மாறுகிறார்கள்! காரில் வழிகாட்டும் சாட்நாவ் மூன்றாவது வழி என்று சொல்லும், எந்த லேன் என்பதைச் சொன்னாலும் தாமதமாகத்தான் சொல்லும். ரவுண்டானாவுக்கு முன்பே நிற்கும் பெரிய பலகையில் வட்டமும் அதிலிருந்து பிரியும் வழிகளும் வரைந்திருப்பார்கள். அதை வாசிக்கப் பழகியவருக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

தவறான லேனில் வந்துவிட்டால் அந்த லேன் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய், பிறகு திரும்பி வரலாம். உள்லேனிலிருந்து வெளியே வர இடமில்லை என்றால் இன்னொரு சுற்று சுற்றலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைப் புதியவரிடம் ஒருவர் வாய்விட்டுச் சொன்னாலே அவர் படபடப்பு அடங்கிவிடும். பின்னால் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தில்தான் பலர் குறுக்கே வெட்டுகிறார்கள்.

சின்ன மோதல்களில் நான் அதிகம் கேள்விப்படும் வகை ஒன்று உண்டு. வட்டத்தின் வாயில் இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் இருப்பவர் வலதுபக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். இடைவெளி தெரிந்ததும் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். முன்னால் இருந்தவர் கிளம்புவதுபோல் கிளம்பித் தயங்கி நின்றிருப்பார். அவ்வளவுதான். வலதுபக்கம் பார், ஆனால் கிளம்பும் முன் முன்னால் பார் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இதைவிட ஆபத்தானது ஹெட்லைட். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. தமிழ்நாட்டுச் சாலையில் எதிரே வருபவர் லைட்டை அடித்துக் காட்டினால், நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில் என்று பொருள். இங்கே நடைமுறையில் பலர் அதே லைட்டை, நீ போ என்று சொல்லவே அடிக்கிறார்கள். இந்த நாட்டின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோட் இரண்டையும் ஏற்பதில்லை. நான் இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே லைட்டை அடிக்கலாம் என்கிறது. இப்போது ரவுண்டானாவில் நம்மவர் நில் என்ற எண்ணத்தில் லைட்டை அடித்துக்கொண்டே நுழைகிறார். உள்ளூர்க்காரர் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு அவரும் நுழைகிறார். இரண்டு பேரும் தாங்கள் செய்தது சரி என்று நம்பியபடி மோதிக்கொள்வார்கள். எந்த விதிப் புத்தகத்தைப் படித்தாலும் இந்தக் குழப்பம் தெரியாது, ஏனென்றால் அதை எழுதியவருக்கு நம் ஊர்ப் பழக்கம் தெரியாது. இரண்டு ஊரிலும் ஓட்டிய நம்மால்தான் இதைச் சொல்ல முடியும். ஹார்னும் அப்படித்தான். நமக்கு அது அறிவிப்பு, இங்கே அதைத் திட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் மினி ரவுண்டானா. தரையில் ஒரு வெள்ளை வட்டம், பக்கத்தில் மூன்று வெள்ளை அம்புகள் உள்ள நீல வட்டப் பலகை, அவ்வளவே. புதியவர் அதை ரவுண்டானா என்றே கவனிக்காமல் நேராக ஏறிப் போய்விடுவார். அங்கேயும் வலதுபக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். அந்த வெள்ளை வட்டத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், சுற்றிப்போக முடியாத அளவு பெரிய வண்டிகளுக்கு மட்டுமே விலக்கு. ஸ்விண்டனில் ஐந்து மினி ரவுண்டானாக்களைச் சேர்த்து 1972இல் அமைத்த மேஜிக் ரவுண்டானாவைக் காட்டிப் புதியவர்களைப் பயமுறுத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவர்கள் தினமும் தாண்டப்போவது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளை வட்டத்தை. அதைச் சொல்லிக்கொடுங்கள்.

கோடை விடுமுறையில் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேலுக்குக் காரில் போகும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம். கலே துறைமுகத்தில் இறங்கியதும் வட்டம் எதிர்ப்பக்கம் சுற்றும். வழிவிடு பலகை உள்ள இடங்களில் இடதுபக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். பாரிஸில் 12 சாலைகள் சேரும் ஆர்க் டி ட்ரியோம்ஃப் வட்டத்திலோ நுழைபவருக்கே முன்னுரிமை, உள்ளே இருப்பவர் நிற்க வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று விடலாமே என்பீர்கள். ஒரு காலத்தில் இங்கே எழுத்துத் தேர்வைத் தமிழ்க் குரலில் கேட்டு எழுத முடிந்தது. தமிழ் உட்பட 19 மொழிகளில் இருந்த அந்த வசதியை 2014 ஏப்ரல் 7 முதல் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான். ஆங்கிலம் தடையில்லாதவர்களுக்குக்கூட, பயத்தோடு கற்கும் ஒன்றைச் சொந்த மொழியில் கேட்டால் சட்டென்று பிடிபடும். அந்த இடத்தை நிரப்ப நம்மைத் தவிர யாரும் இல்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர்கள் இரண்டு மணி நேரம் தாழ்வாரத்திலும் காரிலும் காத்திருக்கிறார்கள். பருவத்துக்கு ஒரு முறை, ஒரு வகுப்பறையில் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு வட்டம் வரைந்து நான்கு பொம்மைக் கார்கள் வைத்தால் போதும். உங்கள் ஊரில் எல்லோரும் தடுமாறும் இரண்டு மூன்று ரவுண்டானாக்களின் படத்தைத் திரையில் காட்டி, லேன் லேனாக நடத்துங்கள். அக்கா, அண்ணா என்று கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கும் சூழல் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளை இல்லாத மாணவர்களையும் தனியாக வந்திருக்கும் பணியாளர்களையும் கோயில் அறிவிப்புப் பலகை வழியாக அழையுங்கள்.

பயிற்றுநர்களிடம் தனியாக ஒன்று. காரில் உட்காரவைத்துக் காசுக்குக் கற்றுக்கொடுப்பது பதிவுபெற்ற உங்கள் தொழில், அதில் சங்கம் தலையிட வேண்டாம். ஆனால் ஊர் உரிமத்தோடு ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கென்று, ரவுண்டானாவுக்கு மட்டும் ஒரே ஒரு பாடம் என்ற ஏற்பாட்டை வையுங்கள். முழுப் பயிற்சிக்குச் சேரச் சொன்னால், எனக்கு ஓட்டத் தெரியும் என்று தட்டிக்கழித்துவிடுவார்கள். ஒரு பாடம் என்றால் வருவார்கள்.

செப்டம்பரில் பள்ளிகள் திறக்கும். புதிய மாணவர்களும் அப்போதுதான் வந்து இறங்குவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு மாலை வேலை முடிந்து திரும்பும் நேரமே இருட்டாகிவிடும், தரையில் உள்ள அம்புக்குறி மழையில் தெரியாது. முதல் வகுப்பை அதற்கு முன்பே வைத்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் நடத்தினால் படம் வரையவும், நாற்காலி போடவும், பேசவும் நான் வருகிறேன்.

அன்புடன்,
மில்டன் கீன்ஸிலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்